துரைசானியின் பொட்டு

அத்தியாயம் 7

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கருங்கல்லைக் கொண்டுபோய் வைத்தாலும் நாலாம் நாள் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில், அறுபத்தேழாம் வருஷத்து ஆடி மாதத்தின் நட்ட நடுவில், ஒரு ஜன்னலுக்குக் கீழே இரண்டு காசித்தும்பைச் செடிகள் கருகிப்போய் நின்றன. பக்கத்தில் பத்துச் செடிகள் பூத்துக் கிடக்க, இவை இரண்டு மட்டும் அடுப்பில் வாட்டியதுபோல் தலை தொங்கியிருந்தன. துப்பறியும் தில்லைநாயகம் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவற்றின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாச்சி, நாம பிடிக்க வந்தது திருடனை. நீங்க தோட்ட வேலை பாக்கியளே,” என்றான் அப்துல் ஜப்பார். “மணி ரெண்டு. நாலுக்கு போலீஸ் வந்துரும்.”

ஜப்பாருக்கு முப்பது வயது. தென்காசியில் தில்லைநாயகத்தின் ஆபீசில் டைப் அடிப்பது, சைக்கிளில் போய்த் தகவல் சேகரிப்பது, அவர் வாயைத் திறக்காத நேரங்களில் அவருக்கும் சேர்த்துப் பேசுவது என்று மூன்று வேலை பார்க்கிறவன். மூன்றாவது வேலையில்தான் அவன் கெட்டிக்காரன்.

அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அருவிக்கரை முதலுதவிச் சங்கத்தின் சாமான் அறை. அருவியில் வழுக்கி விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பவர்களுக்கு வாயோடு வாய் வைத்து ஊதி உயிர் மீட்கும் வித்தையை உள்ளூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்க, சங்கத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை வந்திருந்தது. கப்பலேறி வந்த பொம்மை. பொன்னிற முடி, மூடிய கண், லேசாகத் திறந்த வாய். ஊதினால் நெஞ்சு மேலே எழும்பும். ஊர் அவளுக்குத் துரைசானி என்று பெயர் வைத்துவிட்டது. எட்டுப் பேர் ஒரு மாதம் பயிற்சிக்கு வந்தார்கள். எல்லாம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், துண்டு வாடகைக்குத் தருகிறவர்கள். எட்டு வாயும் ஒரே வாயில் படுவதால், ஒவ்வொருவர் ஊதி முடித்ததும் பொம்மையின் வாயை ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைக்க வேண்டும், வகுப்பு முடிந்ததும் முகத்தைக் கழற்றி மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும் என்று கூடவே வந்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

போன வாரம் எட்டுப் பேரில் ஆறு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். தொண்டை அடைப்பான். எண்ணெய் தேய்க்கிற முப்பிடாதிக்கு மூச்சு போகவே வழியில்லாமல் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் செருகிப் படுக்க வைத்திருந்தார்கள். மூச்சுக் கொடுக்கப் படிக்க வந்தவன் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தான்.

விசாரிக்க வந்த டாக்டர், சங்கத்து அலமாரியில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். பாட்டில் கழுத்துவரை இருந்தது. அத்தனையும் பச்சைத் தண்ணீர்.

மதுவிலக்கு அமலில் இருக்கிற ராஜ்யத்தில் ஸ்பிரிட் காணாமல் போனால் அது எங்கே போயிருக்கும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. எவனோ ஒரு குடிகாரனின் தொண்டைக்குத்தான் போயிருக்கும். பாட்டிலை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைக்கிறவள் ஆயா ஞானபாக்கியம். கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிட்டை எடுத்து விற்றுவிட்டு, எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள் என்று அவள்மேல் புகார். நாலு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கம் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்.

அன்று காலையில்தான் அவள் தென்காசி ஆபீசுக்கு வந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“பாட்டிலு குறையவே இல்லை ஐயா. ஒரு மாசமா நானும் பாக்கேன். ‘என்ன சார், குறையவே காணும்’னு மாஸ்டர்கிட்டக் கேட்டேன். ‘கொஞ்சமாத் தொட்டாப் போதும் பாக்கியம்’னு சொல்லிட்டாக. படுத்திருக்கதுல மூணு பேரு எங்க தெருப் பிள்ளைக. நேத்து குழாயடிக்குப் போனேன். முப்பிடாதி ஆத்தா என் குடத்தைக் காலால தள்ளிவிட்டுட்டா. நான் செயிலுக்குப் போறதுகூடப் பெருசில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, நான்தான் கொன்னேன்னு அவ சாகுற மட்டும் நினைப்பா.”

பாட்டில் குறையவில்லை என்று அவள் சொன்ன உண்மையே அவளுக்கு வினையாக முடிந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் பாட்டில் எப்படிக் குறையும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. கேட்டவர் பயிற்சி மாஸ்டர் பால்வண்ணநாதன்.

தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்காமல் போனது அந்தப் பெயரைக் கேட்டதும்தான். பால்வண்ணம் அவருடைய பள்ளித் தோழன். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆடி அமாவாசையன்று, ஐந்தருவியில் வழுக்கி விழுந்து நீலம் பாரித்துக் கிடந்த தில்லைநாயகத்தைக் கரையில் இழுத்துப் போட்டு, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கற்ற வித்தையால் வாயில் ஊதி ஊதி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தவன். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் அதே நாளில் தில்லைநாயகம் அவனுக்கு ஒரு புது வேட்டி கொண்டுபோய்க் கொடுப்பார். இன்றும் ஆடி அமாவாசை. வேட்டி அவர் கைப்பையில் இருந்தது.

“பால்வண்ணம் பொய் சொல்லமாட்டான்லே,” என்று பஸ்ஸில் வரும்போதே ஜப்பாரிடம் சொல்லியிருந்தார். “மூச்சுக்குச் சாதி கிடையாதுன்னு மேடை மேடையாப் பேசுதவன். டீக்கடையில ரெண்டு கிளாஸ் வச்சிருக்கானேன்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போனவன்.”

“நான் என்ன இல்லைன்னா சொன்னேன்? மாஸ்டர் வீட்டுக்குப் போனா உங்களுக்குக் காப்பி, எனக்குக் கலர். கடையில இருந்து ஆளை விட்டு வாங்கிட்டு வரச் சொல்லித் தருவாரு. என் மேல அவ்வளவு பிரியம்.”

அதைக் கேட்டுத் தில்லைநாயகம் சிரித்தார். கலர் சோடா காப்பியைவிட உசத்திதானே என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது செடியின் முன்னால் குந்தியிருந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஜப்பாரே, ஸ்பிரிட் திருடுதவன் அதை என்ன செய்வான்?”

“குடிப்பான். இல்லேன்னா விப்பான்.”

“செடிக்கு ஊத்துவானா?”

“செடிகிட்ட குடிக்கதுக்குப் பெர்மிட் இருந்தா ஊத்தலாம்.”

தில்லைநாயகம் எழுந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு எட்டு வைத்தால் ஜன்னல். அங்கிருந்து ஒரு கவிழ்ப்பு கவிழ்த்தால் நேரே இந்த இரண்டு செடிகள்.

“கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போனா இது கருகாது. முழுப் பாட்டிலையும் ஒரேயடியாக் கொட்டியிருக்கான். ஒரு வாரத்துக்குள்ளதான். காய்ச்சல் வந்த பொறவு.”

“திருடின பொருளை எதுக்குக் கொட்டணும்?”

“திருடலைலே. பாட்டில் நிறைய இருக்கதை டாக்டர் பாத்துரக் கூடாதுன்னு கொட்டியிருக்கான். நிறைஞ்ச பாட்டில்னா என்ன அர்த்தம்? ஒரு மாசமா ஒரு சொட்டுகூடத் தொடலைன்னு அர்த்தம். தண்ணியை ஊத்தி வச்சுட்டா, துடைச்சும் சீக்கு வந்துட்டுன்னு ஆயிரும், பழியும் எடுத்துக் குடுத்தவ மேல போயிரும். பாக்கியம் சொன்னது நிசம்.”

துடைக்க வேண்டியவர் யார் என்று ஜப்பார் கேட்கவில்லை. வழக்கமாக எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன், குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தான். அந்த மரியாதையே தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது.

“சோம்பலாயிருக்கும்,” என்றார் அவரே. “மறந்திருப்பான். காய்ச்சல்னதும் பயந்துபோயி கொட்டியிருப்பான். மனுசன்தானே.”

“ஆமா அண்ணாச்சி. மனுசன்தானே,” என்றான் ஜப்பார்.

*

குருவம்மாள் பேரருவிக்குப் போகிற வழியில் துண்டு வாடகைக்கு விடுகிறவள். அமாவாசைக் கூட்டம். ஈரத்துண்டுகளைப் பிழிந்து பிழிந்து கயிற்றில் எறிந்துகொண்டே பேசினாள். எட்டுப் பேரில் காய்ச்சல் வராத இரண்டு பேரில் அவள் ஒருத்தி. மற்றவன் இரண்டு நாளோடு நின்றுவிட்டவன்.

“உமக்கு மட்டும் எப்படிம்மா வரலை?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

“நான் முந்தானையை நாலா மடிச்சு அவ வாயில போட்டுல்லா ஊதினேன். பொம்மையா இருந்தா என்ன, அத்தனை ஆம்பளை வாய் பட்டது. சார் சத்தம் போட்டாரு, காத்து போகாதுன்னு. போனாப் போகுது, போகாட்டா இருக்குன்னுட்டேன்.”

“மாஸ்டர் துடைக்கதைப் பாத்தேளா?”

“எங்கன பாக்க? ஒவ்வொருத்தர் ஊதி முடிச்சதும் மேஜையைச் சுத்தித் திரையை இழுத்துவிட்டுக்கிடுவாரு. எச்சி துடைக்கதை நாலு பேரு பாக்க வேண்டாம், உங்களுக்குக் கூச்சமா இருக்கும்பாரு. எங்க எச்சியைத் தன் கையால துடைக்காரே மகராசன்னு முப்பிடாதி அழுதுட்டான் ஒருநாள்.”

தில்லைநாயகம் பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்போல, “அவனும்தானே ஊதினான். அவனுக்கும் வந்திருக்க வேண்டிய சீக்குதானே?” என்றார்.

“சார் எங்களுக்கெல்லாம் முந்தி ஊதிருவாரு. செஞ்சு காட்டணும்லா.”

“கேட்டியாலே? முதல்ல ஊதுதவனுக்கு எப்படிச் சீக்கு வரும்?”

“முதல் பந்திதான் அண்ணாச்சி, ஒத்துக்கிடுதேன்,” என்றான் ஜப்பார். “ஆனா இலையைக் கழுவலையே. ரெண்டாம் நாளு முதல் பந்தியில உக்காந்தாலும், அது நேத்து எட்டுப் பேரு தின்ன இலைதானே? ஒரு மாசம் அந்த இலையில சாப்பிட்டவருக்கு ஒரு தும்மல்கூட வரலை.”

குருவம்மாள் கையிலிருந்த துண்டைப் பிழியாமல் அப்படியே வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

“நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. சார் ஊதும்போது துரைசானி சுமங்கலி. எங்ககிட்ட வரும்போது தாலியறுத்தவ.”

ஜப்பார்கூடச் சிரிக்கவில்லை. “விளங்கச் சொல்லுங்க,” என்றான்.

“பொட்டைச் சொல்லுதேன். பொம்மை வந்த அன்னைக்குப் பூசை போட்டாகள்லா, மாலை போட்டு, தேங்கா உடைச்சு.”

புது லாரி வந்தாலும், புதுத் தராசு வந்தாலும், கிணற்றுக்குப் புது மோட்டார் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடாத சீமை இது. துரைசானிக்கும் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பால்வண்ணநாதன் அவள் தலைமாட்டில் நின்று, மூச்சுக்குச் சாதி கிடையாது என்று பேசுகிற படம் சங்கத்துச் சுவரில் தொங்குகிறது. அதிலும் பொட்டு தெரியும்.

“குங்குமம் ரப்பர்ல ஊறிட்டு,” என்றாள் குருவம்மாள். “மறுநாள் சார் தேச்சாரு, போகலை. செவப்பாத் தடம் விழுந்துட்டு. தினம் சார் செஞ்சு காட்டும்போது அந்தத் தடம் இருக்கும். திரையை மூடித் திறப்பாரு. எங்க முறை வரும்போது நெத்தி வெறிச்சுன்னு இருக்கும். ஸ்பிரிட்டு போட்டதுல அழிஞ்சிட்டாக்கும்னு நினைச்சேன். மறுநாள் பாத்தா திரும்பவும் பொட்டு. யாரு வச்சா? அவளா எந்திரிச்சுக் கண்ணாடி பாத்து வச்சுக்கிடுவா?”

தில்லைநாயகம் மேலே விழுந்த சாரலைத் துடைக்கவில்லை. கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அதற்குள் இருந்த வேட்டி அன்று ரொம்பக் கனத்தது.

*

மூன்றரை மணிக்குச் சங்கத்து ஹாலில் பால்வண்ணநாதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு. தோளில் எப்போதும் தொங்குகிற காக்கிப் பை.

“வா தில்லை. இன்னைக்கு நாளை நான் மறக்கலைலே. நீதான் வேலை வேலைன்னு அலையுதே. இங்கன உக்காரு. காப்பி சொல்லுதேன். ஜப்பாருக்கு ஒரு கலர் வாங்கிட்டு வரச் சொல்லவா?”

“காப்பி அப்புறம் குடிக்கலாம்,” என்றார் தில்லைநாயகம். தோழன் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தார். துரைசானி படுத்திருந்தாள். நெற்றி வெறிச்சென்று இருந்தது. “பால்வண்ணம், இந்தப் பொம்மைக்கு முகம் எத்தனை?”

“இது என்ன கேள்வி? ராவணனா அவ? ஒண்ணுதான்.”

முகத்தின் ஓரத்தைத் தில்லைநாயகம் விரலால் தடவினார். இரண்டு காது மடலிலும் நெருக்கமாகப் பல் பட்டதுபோல் தடங்கள். ரப்பர் அங்கங்கே கிள்ளுப்பட்டிருந்தது. பக்கத்துத் தட்டில் ஒரு இடுக்கி கிடந்தது. அதன் பல்லும் இந்தத் தடமும் அளவெடுத்தாற்போல் ஒத்துப்போயின. கையால் தொட வேண்டிய இடத்தை யாரோ இடுக்கியால் தொட்டிருக்கிறார்கள். சோம்பேறி இடுக்கியைத் தேடி எடுத்திருக்கமாட்டான்.

சப் இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கம் இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தார். சுவரோரம் நின்றிருந்த ஞானபாக்கியம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஐயா, ஒரு பத்து நிமிசம்,” என்றார் தில்லைநாயகம். “புத்தகத்துல சொன்னபடி துடைச்சாப் பொம்மை சுத்தமாகுமா ஆகாதான்னு உங்க முன்னால செஞ்சு காட்டிருதோம். அதுக்குப் பொறவு யாரைக் கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போங்க.”

ஜப்பார் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் கையெழுத்தோடு வாங்கி வந்த புது ஸ்பிரிட்டை மேஜைமேல் வைத்தான். முகம் மருந்துத் தண்ணீரில் ஊறிக் கழுவப்பட்டது. ஞானபாக்கியம் தன் கையாலேயே கழுவினாள். பிறகு ஜப்பார் பஞ்சை நனைத்து உதட்டையும் பல்லையும் வாயின் உட்புறத்தையும் அழுத்தித் தேய்த்தான். ஹால் முழுவதும் வாசனை ஏறியது.

“பாத்து ஐயா,” என்றான் கான்ஸ்டபிளிடம். “ரொம்ப மோந்தா அதுக்கும் கேஸ் உண்டு.”

தில்லைநாயகம் குனிந்து துரைசானியின் மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினார். நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. ஜப்பார் துடைத்தான். துடைத்துவிட்டு அவனும் ஊதினான். மறுபடி துடைத்தான். குற்றாலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நானும் படிச்சுக்கிடுதேனே,” என்று ஊதினார். ஞானபாக்கியமும் ஊதினாள். அவள் ஊதியபோதுதான் நெஞ்சு நன்றாக எழும்பியது. ஜப்பார் கடைசியாக ஒருமுறை புதுப் பஞ்சால் துடைத்து, விலகி நின்றான்.

“இப்ப நீ பால்வண்ணம்,” என்றார் தில்லைநாயகம்.

“நான் எதுக்கு? வாத்தியாருக்கேவா பரீட்சை?”

“ஒரு தடவை. எனக்காக.”

பால்வண்ணநாதன் சிரித்தார். மேஜையருகே வந்தார். கை பழக்கத்தில் திரையைத் தேடி மேலே போனது. வெறும் கம்பிதான் இருந்தது.

“திரை வெளுப்புக்குப் போயிருக்கு மாஸ்டர்,” என்றான் ஜப்பார்.

பால்வண்ணநாதன் குனிந்தார். பாதி குனிந்ததும் நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு சாண் தூரம் இருக்கும். அந்த ஒரு சாணை அவரால் கடக்க முடியவில்லை. நிமிர்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இன்னைக்கு எனக்குத் தடுமம், சளி,” என்றார். கண் அவரை அறியாமல் காக்கிப் பைக்குப் போய்த் திரும்பியது.

“துடைச்சாச்சே மாஸ்டர்,” என்றார் குற்றாலிங்கம் புரியாமல். “நாங்க எல்லாம் ஊதலையா? கிருமி செத்துப்போச்சுல்லா?”

“கிருமி செத்துட்டு ஐயா,” என்றான் ஜப்பார் மெதுவாக. “எச்சி சாகலை. அதைக் கொல்ல ஸ்பிரிட்டால ஆகாது.”

தில்லைநாயகம் காக்கிப் பையைத் தோளிலிருந்து கழற்றினார். பால்வண்ணநாதன் தடுக்கவில்லை. உள்ளே மூடி போட்ட ஒரு பித்தளைச் சம்புடம். அதற்குள் வெள்ளைத் துணியில் பக்குவமாகச் சுற்றிய இன்னொரு முகம். பூ மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு அழுக்கு இல்லை. நெற்றியில் மட்டும் சிவப்பாக, அழியாத பொட்டு.

ஞானபாக்கியம் அதைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த கிளாஸைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள்.

“டீக்கடைக்காரன் ரெண்டு கிளாஸ்தான் வச்சிருந்தான்,” என்றார் தில்லைநாயகம். குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. “நீ ரெண்டு முகம் வச்சிருந்திருக்கே.”

“வேணும்னு செய்யலை தில்லை.” பால்வண்ணநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “சத்தியமாத் துடைக்கணும்னுதான் நினைச்சேன். பொம்மையோட உபரியா வந்த முகத்தை அவுகளுக்குன்னு மாட்டினேன். முத நாளு அதைத் துடைக்கப் பஞ்சை எடுத்தேன். எட்டுப் பேரு எச்சி. கை வரலைலே. குமட்டிட்டு. நாளைக்குப் பாத்துக்கிடுவோம்னு இடுக்கியால கழத்தி வச்சேன். அடுத்த நாளும் அப்படித்தான். மேடையில பேசினது பொய்யில்லை. பேச வந்தது. செய்ய வரலை.”

“ஸ்பிரிட்டைச் செடிக்கு ஊத்தக் கை வந்துதே?”

பால்வண்ணநாதன் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

“பாக்கியத்தைப் பிடிச்சுக் குடுக்க வாய் வந்துதே? அந்த முப்பிடாதி உன்னை மகராசன்னு சொல்லி அழுதிருக்கான். அவன் கழுத்துல குழாயோட கிடக்கான்லே.”

“நீயாவது என்னைப் புரிஞ்சுக்கோ. உனக்கு உயிர் குடுத்தவன் நான்.”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அதுவரை தில்லைநாயகத்தின் மனசில் ஒரு மூலையில் அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் எழுந்து வெளியே போய்விட்டான். ஆறு வருஷமாக இழுத்து விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் இவன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று நினைத்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உள்ளதைச் சொல்லு,” என்றார். “அன்னைக்கு ஐந்தருவிக் கரையில என் இடத்துல முப்பிடாதி கிடந்திருந்தா, ஊதியிருப்பியா?”

பால்வண்ணநாதன் வாயைத் திறந்தார். பிறகு தரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

குற்றாலிங்கம் தொப்பியை மாட்டிக்கொண்டு, “ஆயாம்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம்,” என்றார். ஞானபாக்கியம் போகவில்லை. மேஜையிலிருந்த வெறும் நெற்றி முகத்தைக் கழற்றி எடுத்து, மருந்துத் தண்ணீரில் மறுபடியும் அமிழ்த்தி, பிள்ளைக்கு முகம் கழுவுவதுபோல் உள்ளங்கையால் தேய்க்க ஆரம்பித்தாள்.

“முடிச்சிட்டுப் போறேன் ஐயா,” என்றாள். “போற வழியில முப்பிடாதி ஆத்தாகிட்ட ஒரு போலீசுக்காரர் வந்து சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா.”

“நானே வாரேன்,” என்றார் குற்றாலிங்கம்.

ஜப்பார் காலிச் சம்புடத்தை மூடி வைத்துக்கொண்டிருந்தான். தில்லைநாயகம் அவனருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“உனக்கு முந்தியே தெரியுமாலே?”

“எனக்கு முத நாளே தெரியும் அண்ணாச்சி. கலர் பாட்டிலைக் கடைக்குத் திருப்பிக் குடுத்துரலாம். நான் குடிச்ச டம்ளர்னா அவுக வீட்டுல கழுவணும்லா.”

“ஏன் சொல்லலை?”

“உங்களுக்கு மூச்சுக் குடுத்தவரு. நான் என்னத்தச் சொல்ல? நீங்களும்தான் ஆறு வருசமாப் பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சிய.”

தில்லைநாயகம் கைப்பையைத் திறந்து புது வேட்டியை எடுத்தார். மடிப்புக் கலையாத, கஞ்சி மணக்கிற வேட்டி. பால்வண்ணநாதன் நிமிர்ந்து பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் பாதி நீண்டது.

தில்லைநாயகம் வேட்டியை உதறி விரித்தார். பொட்டு வைத்த முகத்தை அதன் நடுவில் வைத்து, நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, சப் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“சாட்சி ஐயா. பத்திரமா வைங்க. சுத்தமான முகம்.”

வெளியே சாரல் நிற்கவில்லை. ஜப்பார் குடையை விரித்தான். தில்லைநாயகம் அதன் கீழே வராமல், நனைந்தபடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். டீக்கடை வாசலில் நின்று, “ஒரே ஒரு டீ,” என்றார் கடைக்காரரிடம். வந்த கிளாஸில் பாதியைத் தான் குடித்துவிட்டு, மீதியை ஜப்பாரிடம் நீட்டினார். ஜப்பார் அதை வாங்கி, கிளாஸின் விளிம்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“துடைக்கவா அண்ணாச்சி?”

“வேண்டாம்லே. குடி.”